ஜசிந்தாவின் 'ஓம்'

மொன்றியலுக்கு வந்து பதினாறு வருடமாகியும், மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரை அடைக்கும் ஜசிந்தாவின் வாயில் 'ஆம்' என்பதற்கான பிரெஞ்சு 'உவி' ஏறவில்லை. எதற்கும் யாழ்ப்பாணத்து 'ஓம்'தான்.

2005இல் மகள் மெலனியின் கல்லூரி, பெரிய விளையாட்டு லீக்கில் சேர்வதா என்று பேசப் பெற்றோரைக் கூப்பிட்டது. கல்லூரியின் ஆண்கள், பெண்கள் கரப்பந்து அணிகளில் ஒன்றுக்குத்தான் அங்கே இடம், மற்றதைக் கலைத்துவிடுவார்கள். மெலனி பெண்கள் அணித் தலைவி.

"சேர்ந்தால் பெண்களை அனுப்பலாமா, மடாம்?" என்று, பெற்றோரிடம் வாக்கெடுத்துக்கொண்டிருந்த விளையாட்டுப் பொறுப்பாளர் பிரெஞ்சில் கேட்டார்.

"ஓம்!"

அவர் கரும்பலகையில் ஆண்கள் பக்கம் ஒரு கோடு கீறினார்.

"ஐயோ அம்மா, பிரெஞ்சில ஓம் எண்டா ஆம்பிளை! எழும்பாதேங்கோ, எல்லாரும் பாக்கினம்," என்றாள் பக்கத்திலிருந்த மெலனி.

"பாக்கட்டும். ரெண்டு வருசமாக் கப் தூக்கினது ஆர்? உந்தத் தடியங்கள் வலையைத்தான் தூக்கினவங்கள்."

ஜசிந்தா நேரே போய், அவர் கையிலிருந்த சுண்ணக்கட்டியை வாங்கி, அந்தக் கோட்டைக் கையால் அழித்துவிட்டு, பெண்கள் பக்கம் தடிப்பாக ஒன்று கீறினாள். பெடியன்களின் தாய்மார் முணுமுணுத்தார்கள்.

"அப்போ பெண்கள்தானா, மடாம்?" பொறுப்பாளர் சுண்ணக்கட்டிக்காகக் கையை நீட்டினார்.

"உவி எண்டு சொல்லுங்கோ அம்மா," என்று மெலனி பின்னாலிருந்து கெஞ்சினாள்.

"ஓம்," என்றாள் ஜசிந்தா. சுண்ணக்கட்டியை அவள் கொடுக்கவில்லை.