பூட்ஸ் காவல் காத்த சரிவு

நேற்று நகரத்து நர்சரியில், காட்டில் களையாக மண்டும் உண்ணிச்செடியைத் தொட்டியில் வைத்து, சிரிக்காமல் விலை சொன்னார்கள். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன். அவ்வளவுதான், மனசுக்குள் கொல்லிமலை ஏறிவிட்டேன்.

அந்த வாடை என் சட்டையை விட்டுப் போகாத காலம் ஒன்று உண்டு. படிப்பு முடிந்த கையோடு, மலைமேல் எடப்புளி நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கிளம்பியிருந்தேன். காலில் முழங்கால்வரை பூட்ஸ். பாம்பு பயம், வேறென்ன! ஓடையோரச் சரிவை மூடிக் கிடந்த உண்ணிப் புதரைப் பிள்ளைகளோடு வேரோடு பிடுங்கினோம். ஊர் சாமிக்கென்று விட்ட கோயில் காட்டில் உதிர்ந்த விதைகளைப் பால் பாக்கெட்டில் முளைக்கவைத்து அங்கே நட்டோம்.

மறுநாள் தண்ணீர் ஊற்ற வந்தவர்கள் செருப்பைச் சரிவின் ஓரத்திலேயே வரிசையாக விட்டுவிட்டு இறங்கினார்கள். கோயில் காட்டுக்குள் யாரும் செருப்போடு போவதில்லை, சரி. இது வெறும் சரிவுதானே?

"முள்ளு குத்தும், போட்டுக்குங்கப்பா."

"அந்தக் காட்டு மரத்தோட புள்ளைங்கதானுங்க சார் இது. அம்மா சாமின்னா புள்ள மட்டும் என்னவாம்?" என்றாள் எட்டாம் வகுப்பு செல்வி.

தாவரவியல்படி பாதி சரிதான்.

வேலி போட வழியில்லை. எங்கள் பயமெல்லாம் ஊர்க்காரர் பெரியண்ணனின் ஆடுகள்தான். ஒரு வாய்க்கு ஒரு மரக்கன்று. அன்றே வந்தன. செருப்பு வரிசையைப் பார்த்த பெரியண்ணன் தன் செருப்பைக் கழற்றப்போய், பாதியில் நின்றார்.

"ஏஞ்சாமி, இங்க எப்பக் கோயில் வந்துச்சு?"

"இப்பத்தானுங்க மாமா. குட்டிக் கோயிலு!"

சிரித்தார். ஆனாலும் மந்தையைத் திருப்பிவிட்டார்.

கோடை விடுமுறை வந்தது, இனிச் சரிவுக்கு வர ஆளில்லை. பிள்ளைகள் இல்லையென்றால் செருப்பு இல்லை. செருப்பு இல்லையென்றால் கன்று இல்லை. அறுந்தது, ஒற்றையானது எல்லாம் பொறுக்கி அடுக்கியும் வரிசை சோனியாகத்தான் தெரிந்தது. எல்லாக் கண்ணும் மெல்ல என் காலுக்கு வந்தன.

"சாரோடது தூரத்துக்கே தெரியுமுங்க."

"அப்ப நான் எப்படி ஊருக்குப் போறது?"

"பஸ்ஸுலதானுங்களே போறீங்க?"

மலையடிவாரக் காரவள்ளிக்கு இறங்கும்வரை, ஒவ்வொரு வளைவிலும் என் வெறுங்காலை யாரோ ஒருவர் மிதித்தார். "ஏனுங்க, வேண்டுதலுங்களா?" என்றார் கண்டக்டர். ஆமாங்க என்றேன். பொய்யில்லை.

கோடை முடிந்து ஓடினேன். கன்றுகள் நின்றன. ஒரு பூட்ஸுக்குள் ஓணான் குடித்தனம். அப்படியே விட்டுவிட்டேன்.

போன மாதம் போயிருந்தேன். உண்ணி இல்லை, செருப்பு வரிசை இல்லை, பூட்ஸும் இல்லை. செல்விகூட வெளியூரில் நர்சிங் படிக்கிறாளாம். ஓடைமேல் எங்கள் மரங்களின் நிழல் மட்டும் விழுந்து கிடந்தது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு சின்னப்பெண் என் காலை முறைத்தாள்.

"செருப்பக் கழட்டுங்க. கோயில் காடு."

"எப்ப இருந்து கண்ணு?"

"எப்பவுமேதானுங்க."

நாங்கள் நட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு குனிந்து செருப்பு வாரை அவிழ்த்தேன்.