தருமன் அடித்த விடைத்தாள்

சொல்லிக்கொடுத்த எல்லாரையும் தேறவைத்த தருமன், அதே கணக்குத் தேர்வில் தான் மட்டும் ஏன் தேறவில்லை?

1979இல் கஸ்தூரி பி.எஸ்ஸி. நுண்கணிதத்தில் இரண்டு முறை தோற்றிருந்தாள். இன்னொரு முறை தோற்றால் படிப்பு போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அடி அண்ணாமலை என்ற ஊர்க்காரன் தருமனிடம் கேட்கச் சொன்னாள் தோழி சரசு.

“நாலு வாட்டி ஃபெயிலானவர்கிட்டயாடி?”

“அவர்கிட்ட கத்துக்கிட்டவங்க யாரும் ஃபெயிலாகல. நீ ரெண்டு வாட்டி ஆனவதானே, வாய மூடிக்கிட்டு வா.”

தருமன் பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. கணக்கை அவளையே போடவைத்தான். தப்பாகப் போட்டால், “அவசரம் ஜாஸ்திம்மா ஒனக்கு” என்று சிரித்தான். மெல்ல அவள் பயம் விட்டது.

தேர்வில் அவன் பக்கத்து பெஞ்சில் இருந்தான். கடைசிக் கணக்கையும் அவன் முடித்ததைப் பார்த்து கஸ்தூரி மகிழ்ந்தாள். அடுத்த நிமிடம் அவன் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் குறுக்குக் கோடு போட்டு அடித்தான்.

வெளியே வந்ததும், “ஏண்ணா அப்படிப் பண்ணீங்க?” என்றாள்.

“நீ எல்லாம் எழுதிட்ட இல்ல?”

கஸ்தூரி தேறினாள். தருமன் மறுபடியும் அதே தேர்வுக்குப் பணம் கட்டினான். காரணத்தை யாருக்கும் அவன் சொல்லவில்லை.