விடாப்பிடி

கிடங்கில் எல்லோருக்கும் அவள் ‘ஐஸ் அக்கா’. மீனையும் பட்டாணியையும் உறையவைத்து அடுக்கியிருக்கும் அந்தக் கிடங்கில் அவள்தான் மேற்பார்வை. ஃப்ரீசர் அறைக்குள் போகச் சொன்னால் மற்றவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். அவள் அடுக்களைக்குள் நுழைவது போல நுழைந்துவிட்டு வருவாள்.

அவளுக்குப் பிறந்த ஒரே குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. பைபிளின் பழைய ஏற்பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டாள். அதில்தான் மனிதர்கள் கடவுளோடு மல்லுக்கு நின்றார்கள், ஏன் என்று கேட்டார்கள், எங்கே போய்த் தொலைந்தீர் என்றுகூடக் கேட்டார்கள். இந்தக் கோபத்தைத் தமிழில் பெயர்த்தவர்கள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தணித்திருப்பார்களோ என்று ஒரு சந்தேகம். அதைத் தீர்த்துக்கொள்ளவே அதன் மூலமொழியான எபிரேயத்தின் எழுத்துகளைக் கற்க ஆரம்பித்தாள், வேலைக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னலோரமாக.

“வலமிருந்து இடமாவா?” என்றார் சலூன் வைத்திருக்கும் அவள் கணவர். “ஊரே முன்னாடி போகுது, நீ மட்டும் ரிவர்ஸ் கியர்ல போற.” கடவுள் என்ற பேச்சே அவருக்கு ஆகாது. ஆனால் பொடி எழுத்தைப் படித்து அவள் கண்ணைக் கசக்குவதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி வாங்கி வந்தவரும் அவர்தான்.

அப்படிப் படித்ததில் ஒரு சொல் அவளைத் தொந்தரவு செய்தது. எமூனா. கடவுள் உண்மையுள்ளவர், கைவிடாதவர் என்று சொல்லும் இடங்களில் வரும் சொல். அது முதன்முதலில் வரும் இடத்தைத் தேடிப் போனாள். அங்கே கடவுளைப் பற்றிய பேச்சே இல்லை. ஒரு கிழவர் குன்றின் மேல் கைகளைத் தூக்கியபடி இருக்கிறார், கீழே சண்டை நடக்கிறது. கை உயர்ந்திருந்தால்தான் அவர் பக்கம் ஜெயிக்கும். கை தளர்கிறது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாகத் தாங்குகிறார்கள். பொழுது சாயும்வரை அந்தக் கைகள் ஆடாமல் நின்றன. அந்த ‘ஆடாமல்’தான் எமூனா.

“அவ்வளவு பெரிய வார்த்தை, போயும் போயும் ரெண்டு கைக்கா?” என்று கணவரிடம் புலம்பினாள். பெரிதாக ஏதோ எதிர்பார்த்து ஏமாந்ததுபோல் இருந்தது.

மழைக்காலத்தில் ஒரு மதியம். லாரிகள் போய்விட்டன, ஆட்கள் சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள். விசிறிகளில் பனி கட்டியிருக்கிறதா என்று பார்க்க அவள் உள்ளே போனாள். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. அது வழக்கம்தான், உள்ளிருந்து திறக்கக் கைப்பிடி உண்டு. அதைச் சரிசெய்யச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்திருந்தது. அன்றைக்கு அது உடைந்து கையோடு வந்துவிட்டது.

அதே சமயத்தில் கரண்டும் போனது.

விசிறிகள் நின்றன. அப்படி ஒரு நிசப்தத்தை அந்த அறையில் அவள் கேட்டதே இல்லை. அபாய மணியை அழுத்தினாள், அதற்கும் உயிரில்லை. பனி உடைக்கும் இரும்புக் கம்பியை இருட்டில் தடவி எடுத்துக் கதவைத் தட்டத் தொடங்கினாள்.

தட்டினாள், தட்டினாள். விரல்கள் மரத்தன. தோள் இரண்டும் கல்லாகக் கனத்தன. கொஞ்சம் உட்காரலாம் என்று தோன்றியது. உட்கார்ந்தால் தூக்கம் வரும், தூங்கினால் எழுந்திருக்கமாட்டோம் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கையைத் தொங்கவிட்டாள்.

கை தொங்கவில்லை.

இரண்டு முழங்கைகளுக்கும் அடியில் ஏதோ தாங்கியிருந்தது. உள்ளங்கைகள். கம்பி மறுபடி எழுந்து கதவில் விழுந்தது. மறுபடி எழுந்தது.

இன்னொரு ஆளும் உள்ளே மாட்டிக்கொண்டதாகத்தான் முதலில் நினைத்தாள். “யாரு?” என்றாள். பதில் இல்லை. அவ்வளவு நெருக்கத்தில் ஒரு ஆள் நின்றால் பிடரியில் மூச்சுப் படவேண்டும். படவில்லை. திரும்பிப் பார்க்க முயன்றாள், பிடி இடம் கொடுக்கவில்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. குளிரை மறந்துபோகும் அளவுக்குப் பயம்.

“விடுங்க,” என்று அழுதாள். “என்னால முடியல. விட்டுடுங்க.”

விடவில்லை. கோபமும் இல்லை, அவசரமும் இல்லை, அந்தக் கைகள் ஒரே சீராக அவளைத் தட்டவைத்துக்கொண்டே இருந்தன.

கதவைத் திறந்தது வாட்ச்மேன். அவளை வெளியே இழுத்துப் போட்டு, தன் கம்பளியைப் போர்த்திவிட்டு, அவளைவிட அதிகமாக அவர் நடுங்கினார்.

“மன்னிச்சுடுங்கக்கா. சத்தம் அப்பவே கேட்டுச்சு. ஆனா மனுஷன் தட்டுற மாதிரி இல்ல. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இம்மி பிசகல. ஏதோ மெஷின் ஓடுதுன்னு நெனச்சு உக்காந்துட்டேன்.” கம்பளியை இன்னும் இழுத்துப் போர்த்திவிட்டார். “அப்புறம்தான் உறைச்சுது. கரண்ட் இல்லையே, எந்த மெஷின் ஓடும்?”

ஆஸ்பத்திரியில் அவளுடைய ஸ்வெட்டரைக் கழற்றிய கணவர் அதை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். துணி முழுக்கப் பனி உருகி ஈரமாய்க் கனத்திருந்தது. முழங்கைகளின் அடியில் மட்டும் கையகல இடம் காய்ந்து, மெத்தென்று கிடந்தது.

வீடு திரும்பிய பிறகு ஒருநாள், அவள் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்ததும் கேட்டார்: “அவ்வளவு தூரம் வந்தவரு, கதவத் தெறந்துவிட்டிருக்கலாமில்ல?”

“நானும் அதத்தாங்க கேட்டுக்கிட்டிருக்கேன்.”

“என்ன சொல்றாரு?”

“ஒண்ணும் சொல்லல. பிள்ளை விஷயத்துல கேட்டப்பவும் சொல்லல.” கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். “கைவிடமாட்டாருன்னா ஆறுதலா இருக்கும்னு நெனச்சிருந்தேங்க. அப்படி இல்ல. நான் கெஞ்சியும் அவர் விடல பாருங்க, அத நெனச்சா இன்னமும் பயமா இருக்கு.”

அவர் அவளுக்குக் காபி ஆற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவளை எழுப்ப வேண்டுமென்றால் தோளைத்தான் தொடுவார், தவறியும் முழங்கையைத் தொடமாட்டார். பஸ்ஸில் யாராவது அந்த இடத்தில் இடித்துவிட்டால் அவள் விதிர்விதிர்த்துப் போவதை அவர் பார்த்திருக்கிறார்.

புதுக் கைப்பிடி போட்ட பிறகு அவள் வேலைக்குத் திரும்பினாள். முதல்நாள் ஃப்ரீசர் அறைக்குள் தனியாகப் போனபோது சுவரில் முதுகை ஒட்டிவைத்துக்கொண்டாள், பின்னால் ஓர் ஆள் நிற்க இடமில்லாதபடி. விசிறிகள் இரைந்தன. குளிர் சுவர் வழியாக முதுகில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில், இதென்ன, வந்தவருக்கு இடம் கொடுக்காமல் நிற்கிறோமே என்று அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். திரும்பிப் பார்க்காமல் தெர்மாமீட்டரைப் படிக்க ஆரம்பித்தாள்.