வலது கட்டைவிரலுக்குச் செய்த பூட்டு

நான் வெறுத்த பொருட்களில் முதலிடம் அந்தப் பிஸ்டலுக்குத்தான். எழுபதுகளின் நடுப்பகுதியில், மெல்பேர்ணில், நோபல் பார்க்கில் குடியிருந்துகொண்டு பக்கத்து ஊரில் ஒரு வங்கிக் கிளையில் காசாளராக இருந்தேன். அந்தக் காலத்தில் அங்கே காசாளரின் மேசை லாச்சிக்குள் துப்பாக்கி வைப்பார்கள். இப்போது சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. யாழ்ப்பாணத்தில் தபாற்கந்தோரில் முத்திரை விற்றுக்கொண்டிருந்த என்னிடம், கழுத்துப்பட்டியும் கட்டவைத்து, கள்ளன் வந்தால் சுடு என்று அதைக் கொடுத்தார்கள்.

அவலட்சணம் என்றால் அப்படியொரு அவலட்சணம். சவர்க்காரக் கட்டியில் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டதுபோல இருக்கும். அழகாயிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒரு கத்தியைப் பார்த்தால் எந்தப் பக்கம் வெட்டும் என்று தெரிகிறது. பழைய சுழல் துப்பாக்கியிலும் குண்டு இருக்கிறதா என்று ஓரளவு கண்ணால் பார்க்கலாம். இந்தச் சனியனை எத்தனை தரம் திருப்பிப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. சேப்டி என்று இடப்பக்கத்தில் ஒரு துண்டு இரும்பு, சுண்டுவிரல் நகமளவு. மேலே தள்ளினால் பூட்டு, கீழே தள்ளினால் சுடும். எது எது என்று காட்டிய எழுத்து எப்போதோ தேய்ந்துபோய்விட்டது. இதை வரைந்தவன் தன் வாழ்நாளில் ஒரு இடக்கைக்காரனையும் கண்டதில்லை என்று சத்தியம் பண்ணுவேன். வலது கையால் பிடித்தால் கட்டைவிரல் நேரே அந்த இரும்பில் போய் இருக்கும். நான் இடக்கைக்காரன். என் கட்டைவிரல் மற்றப் பக்கம் அல்லவா நிற்கும்!

இதை எங்கள் கிளையில் மனேஜருக்கு அடுத்த பெரியவரிடம் சொன்னேன். காலையில் பெட்டக அறையிலிருந்து பிஸ்டலை எடுத்துத் தருவதும் மாலையில் திரும்ப வாங்குவதும் அவர்தான். வெள்ளைக்காரர், என் தகப்பனின் வயது.

“அப்ப கள்ளனை ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லு” என்று சிரித்தார்.

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. ஆபத்து நேரத்தில் இழுத்துக் குண்டு ஏற்ற நேரம் கிடைக்காது என்று, ஒரு குண்டைக் குழலில் ஏற்றிவைத்து, சேப்டியை மட்டும் போட்டுத் தருவார். அந்த நகமளவு இரும்பை நம்பி நாள் முழுக்க என் தொடைக்குப் பக்கத்தில் அது கிடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, கதவு சாத்தியபின் அவர் கை நீட்டினார். இடக்கையால் லாச்சியிலிருந்து எடுத்தேன். கொடுக்கப் போகிற கணத்தில் என் கை தானாகவே பிஸ்டலை வலது கைக்கு மாற்றியது. பெரியவர் ஒருவருக்கு இடக்கையால் கொடுக்கிறதா? சின்ன வயதில் அப்படிக் கொடுத்து எத்தனை அடி வாங்கியிருக்கிறேன்! வலது கட்டைவிரல் போய்ப் பூட்டில் இருந்தது. இருந்த வேகத்தில் அதைக் கீழே தள்ளியது. விரல் விசைக்குள் போனது என் பிழை, அதை நான் மறுக்கவில்லை. வெடித்தது. அவருடைய காற்சட்டை கிழிந்து, கெண்டைக்காலில் தோலை உரித்துக்கொண்டு குண்டு மர அலுமாரிக்குள் புகுந்தது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். என் கவனக்குறைவு என்று எழுதினால் வேலை போகும். வீட்டில் கைக்குழந்தை. அந்த வேலை கிடைக்குமுன் எத்தனை கதவு தட்டினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

காயம்பட்டவர் நேர்மையான மனிதர். கால் கட்டோடு வந்து உண்மையைச் சொன்னார்.

“இவர் இடக்கைக்காரர். அந்தப் பூட்டுத் தனக்குச் சரிவராது எண்டு முதலே சொன்னவர். நான்தான் காதில விழுத்தேல்லை.”

அதிகாரி என்னைப் பார்த்தார். “அப்ப ஏன் வலது கைக்கு மாத்தினீர்?”

“எங்கட ஊரில வயதில மூத்த ஆளுக்கு நாங்கள் இடக்கையால ஒண்டும் குடுக்க மாட்டம், சேர். அது மரியாதை இல்லை.”

அவர் தலையாட்டினார், கேலி செய்யவில்லை. இடக்கைக்காரருக்கு அந்த ஆயுதம் பொருந்தாது என்றும், தவறு முழுக்க ஊழியருடையது அல்ல என்றும் எழுதி, எனக்கு வாசித்தும் காட்டினார். மூன்று நாளுக்குப் பிறகு அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. தாளை என் பக்கம் தள்ளி, கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன்.

நிமிர்ந்தபோது அவருடைய கண் என் கையில் இருந்தது.

“வலது கையால எழுதுறீர்” என்றார்.

அரிவரி வகுப்பில் இடக்கையால் பென்சில் பிடித்ததற்கு வாத்தியார் அடிமட்டத்தின் விளிம்பால் விரல் முட்டியில் அடித்த கதையைச் சொன்னேன். எழுதுவது மட்டும்தான் வலது கை என்றேன். பந்து எறிவது, ஆணி அடிப்பது, பல் தீட்டுவது எல்லாம் இடது என்று குழந்தைப்பிள்ளைபோல அடுக்கினேன். நான் அடுக்க அடுக்க அவருடைய முகம் இறுகியது.

“முதலில மரியாதை எண்டீர். இப்ப வாத்தியார் எண்டுறீர்.”

தாளை இழுத்தெடுத்து இரண்டு வரியை வெட்டினார். காயம்பட்டவர் வாய் திறக்கப் பார்த்தார். அவரையும் கையமர்த்திவிட்டு, ஊழியர் இடக்கைக்காரர் என்பதற்கு ஆதாரமில்லை, கவனக்குறைவு என்று எழுதினார். குண்டை ஏற்றிவைத்தது யார் என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. மாத முடிவோடு போகச் சொன்னார்கள். பிஸ்டல் மட்டும் அதே லாச்சியில் வேலையில் இருந்தது.

வீட்டில் கதையைக் கேட்டுவிட்டு மனைவி குசினிக்குள் இருந்து சொன்னாள்: “நீங்கள் மற்றக் கையாலயே கையெழுத்தை வைச்சிருக்கலாமேயப்பா.”

அவள்மேல் எரிந்து விழுந்தேன். பிறகு மேசையில் கிடந்த பேனையை இடக்கையால் எடுத்து, தபால் உறை ஒன்றின் பின்பக்கத்தில் என் பெயரை எழுதிப் பார்த்தேன். முதல் எழுத்துக்கு மேல் போகவில்லை.