கொட்டகையில் அண்ணன் இருந்த பத்தொன்பது நாட்கள்

எங்கள் அண்ணன் பிறந்தது மட்டாஞ்சேரியில், மிளகும் சுக்கும் அடுக்கிய பண்டகசாலைகளுக்குப் பின்னால், மழை வலுத்தால் கால்வாய் எது, முற்றம் எது என்று தெரியாத ஒரு வீட்டில். தென்காசியிலிருந்து பிழைக்க வந்து மூட்டை சுமந்த அப்பா இளமையிலேயே காலமானார். அப்பாவின் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு அண்ணன் வேலைக்குப் போனபோது அவருக்கு வயது பதினாறு, எனக்கு நான்கு. அன்றிலிருந்து அண்ணனும் அவரே, அப்பாவும் அவரே என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுத எனக்குத் தகுதியில்லை. ஏன் என்று சொல்லத்தான் அண்ணனின் நினைவு மலரில் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

நம் உறவில் ஒரு கேலி உண்டு. "பெத்த பிள்ளைய மறந்துட்டு ஆட்டோட குடித்தனம் நடத்துன மனுஷன்." கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரித்திருக்கிறோம். பதினாறாம் நாள் சடங்கிலும் யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஓலைக் கூரையை மாற்றி ஓடு வேய வேண்டும் என்ற ஆசையில் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஆறு செம்மறிகள் வளர்த்தார். தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வந்த கூட்டத்தில் நோஞ்சானாய்க் கிடந்த குட்டிகள் அவை. நான் ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். ஒருநாள் பஸ்ஸில் உடன் படித்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆட்டின்கூட்டில்நின்னாணோ வரவு?" என்றாள். ஆட்டுக்கொட்டகையிலிருந்தா வருகிறாய்? வரிசை முழுக்கச் சிரித்தது. அன்று முதல் அந்த ஆறு ஜீவன்களையும் நான் வெறுத்தேன்.

அந்த ஐப்பசி மழைக்குப் பிறகு ஆடுகளுக்குக் காய்ச்சல் கண்டது. உதடு வீங்கி, எச்சில் கயிறாய்த் தொங்கி, குளம்பு ஊன்ற முடியாமல் நின்றன. ஒன்றுக்கு நாக்கு தடித்து, நீலம் பாரித்து வெளியே வந்துவிட்டது. கால்நடை டாக்டர் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் வேலையில் இருந்தார். அண்ணி தெருக்குழாயில் தண்ணீருக்கு நின்றிருந்தார். நான் மட்டும்தான்.

நீலநாக்கு நோய் என்றார் டாக்டர். "மனுஷ்யர்க்கு பகரில்ல, கேட்டோ. ஆட்டினெத் தொட்டாலும் ஒந்நுமில்ல." மனிதருக்கு வராது, தொட்டாலும் ஒட்டாது; சேற்றில் பெருகும், கொசுவினும் சிறிய ஒரு பூச்சி கடித்து ஆடுகளுக்கு வருவது. அந்திக்கு முன் உள்ளே கட்டிப் புகை போடுங்கள், கஞ்சி கொடுங்கள் என்றார். தலையாட்டினேன்.

சாயங்காலம் அண்ணன் வந்து, "டாக்டர் என்னா பறஞ்சாரு?" என்றார்.

"ஒட்டுவாரொட்டியாம். மனுஷங்களுக்கும் வருமாம். கைக்குழந்தை இருக்கிற வீட்டுல வைக்கவே கூடாதுன்னாரு."

அண்ணனுக்கு அப்போது நான்கு மாதக் குழந்தை. விடிவதற்குள் ஆடுகள் போய்விடும் என்று நினைத்தேன். அண்ணன் சொல்லக் கேட்டு அண்ணி அழுதார்: "அதுகள எங்கயாவது கொண்டு விடுங்க!"

"எங்க கொண்டு விட? அங்கயும் ஒரு பிள்ள இருக்கும்ல?" என்றார் அண்ணன்.

இறைச்சிக்காரர் கேட்டு வந்தார். "நோவு கண்டத ஆளுக தின்னக் குடுக்கவா?" என்று அவரையும் திருப்பி அனுப்பினார். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார்.

பத்தொன்பது நாட்கள். யாருக்காவது ஒட்டிவிடும் என்று வேலைக்கும் போகவில்லை. அண்ணி சோற்றைக் கொட்டகை வாசற்படியில் வைத்துவிட்டு வந்துவிடுவார். மாலையில் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு எட்டி நின்று, "கொஞ்சம் தூக்கிக் காட்டு" என்பார் அண்ணன். தூக்கிக் காட்டியவள் நான். குழந்தை குப்புற விழப் பழகியது அந்த நாட்களில்தான். சொல்லிவிடலாம், ஒரே வாக்கியம். தினமும் சொல்லாமலே ஜன்னலை மூடினேன். இரண்டு ஆடுகள் செத்தன. புகை போடச் சொன்னதையும் நான் சொல்லியிருக்கவில்லை.

இருபதாம் நாள் காலையில் டாக்டர் மறுபடி வந்தார். "அடுத்து வரண்டா டாக்டரே, பகரும்," கிட்டே வராதீர்கள், ஒட்டிக்கொள்ளும் என்று அண்ணன் பதறினார். டாக்டர் சிரித்துவிட்டார். "ஆரா இது பறஞ்ஞே? அந்நே ஞான் தன்றெ பெங்ஙளோடு பறஞ்ஞதல்லே!" உன் தங்கையிடம் அன்றே சொன்னேனே!

அண்ணன் என்னைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை.

"அவள் பறஞ்ஞு டாக்டரே. ஞானாணு மறந்நது." அவள் சொன்னாள், மறந்தது நான்தான்.

அடுக்களையிலிருந்த அண்ணி காதில் விழுந்தது அது மட்டுமே. "மறந்துட்டாகளாம்ல! பிள்ளைய மறந்துட்டாகளாம்!" கேலி பிறந்தது அங்கேதான். குளித்துவிட்டு வந்து அண்ணன் கை நீட்டியபோது, குழந்தை முகம் தெரியாமல் வீறிட்டு என் தோளைக் கட்டிக்கொண்டது.

அந்தக் குழந்தை, அண்ணன் மகள், வளர்ந்து, ஒரு சண்டையில், "அப்பாவுக்கு ஆடுதானே முக்கியம், நானா?" என்று கேட்டாள். நானும் அங்கே இருந்தேன். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

கடைசி நாட்களில் மூச்சுக்குத் திணறினார். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ஆரம்பித்தேன்: "அண்ணா, அந்த டாக்டர் வந்த அன்னைக்கு..."

"பஸ்ஸு போயிரும். நீ கிளம்பு," என்றார். கிளம்பிவிட்டேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்குச் சாயாவும் மரவள்ளிக் கப்பையும் கொண்டுவந்த அண்டைவீட்டாருக்கும், தோள் கொடுத்த சுமைதொழிலாளித் தோழர்களுக்கும், தென்காசியிலிருந்து வந்து நின்ற சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்கு வாயில்லை. அச்சுக்குப் போகும் முன் இதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"தட்ட வச்சிட்டு மூஞ்சியத் திருப்பிட்டு வந்தேனேட்டி," என்றார் அண்ணி. "ஒரு நாளாவது நின்னு பேசியிருப்பேனே." பிறகு, "அப்படியே அச்சுக்குக் குடு. எம் மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. நீயே வாசிச்சுக் காட்டு."

இன்று, முதலாண்டு நினைவு நாளில், இலை போடும் முன் அவள் எதிரில் உட்கார்ந்து வாசிக்கிறேன். நீங்களும் கேளுங்கள். அதன் பிறகு என்னை அத்தை என்று கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவள் இஷ்டம்.

— தங்கை