விளையாட்டுக்கு முதுகு காட்டி நிண்டவன்

செக்யூரிட்டி வேலை எண்டால் கண்ணுக்கு வேலை எண்டு நினைப்பியள். இல்லை, முழுக்கக் காலுக்குத்தான் வேலை. பூட்ஸோட எட்டு மணித்தியாலம் நிண்ட சனத்துக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மைதான வேலை அதிலும் விசர் வேலை. விளையாட்டுக்கு முதுகைக் காட்டி, சனத்தின்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கவேணும். மேற்கு சிட்னியில ஒரு பேஸ்போல் மைதானத்தில மூண்டு கோடை நிண்டிட்டன், ஒரு அடியும் வடிவாய்ப் பார்த்ததில்லை. ஸ்கோரைச் சனத்தின்ர முகத்தில வாசிக்கிறதுதான். அவை இங்கிலீசில சொன்னதுகளை எங்கட தமிழில தாறன், தூசணத்தைக் கழுவிப்போட்டு.

டேவின்ர மேளம்

சாதாரண நாளில சனம் செருப்போட வந்து, பாணுக்க சொசேஜ் வச்சுத் தின்னும், புல்மேட்டில படுக்கும். நித்திரை கொள்ளுற ஆக்களும் உண்டு. மெல்பேர்ண் அணி வாற அண்டைக்கு மட்டும் கதை வேற. பிளம்பர் டேவ் ஒரு பெரிய மேளத்தோட வந்து எனக்கு முன்னால குந்துவான். "போய்க் கோப்பியைக் குடியுங்கோடா!" எண்டு அவையின்ர கோப்பிப் பெருமையை அவன் நக்கலடிக்கத் தொடங்க, பஸ் பிடிச்சு வந்த மெல்பேர்ண்காரர் அங்கால இருந்து, "உங்கட ரோட்டில எப்பவாவது வாகனம் நகர்ந்ததோ?" எண்டு திருப்பிக் குடுப்பினம். பிறகு பந்து எங்க போகுது எண்டு ஆருக்குக் கவலை?

எனக்கு இது விளங்காமலில்லை. ஊரில பள்ளிக்கூடக் கிரிக்கெட் மேட்சுக்கு, தொண்டை கட்டும்வரைக்கும் குழறினவன் நான். எண்டாலும் ஒரு நாள் டேவைக் கேட்டன், மெல்பேர்ண்காரர் அப்பிடி என்னதான் செய்தவை எண்டு. டேவ் தலையைச் சொறிஞ்சு, உண்மையாவே யோசிச்சான்.

"ஒண்டும் செய்யேல்லை. மெல்பேர்ணில இருந்து வந்திருக்கிறாங்கள், அது காணாதோ?"

எதிரிப் பக்கத்தில ஒரு கதிரை

போன கோடையில ஒரு ஞாயிறு, மெல்பேர்ண் தொப்பியோட ஒரு அம்மா வந்தா. பேர் ஜூடி, அறுபது வயசிருக்கும். மடக்குக் கதிரையை விரிச்சு, டேவின்ர மேளத்துக்குப் பத்தடி தள்ளிப் போட்டுக்கொண்டு இருந்திட்டா. கையில பந்து பிடிக்கிற தோல் கிளவுஸ். நான் கிட்டப் போனன். "மேடம், உங்கட ஆக்கள் அந்தப் பக்கம்" எண்டன்.

அவ அசையேல்லை. மகன் மெல்பேர்ண் அணிக்குப் புதுசாம். இன்னும் ஒரு ஹோம் ரன் அடிக்கேல்லை, அதுதான் எங்கட சிக்ஸர் மாதிரி வேலிக்கு வெளிய போற அடி. முதல் ஹோம் ரன் பந்து குடும்பத்துக்குப் பெரிய விசயமாம். அதைக் கையில எடுக்கவேணுமெண்டு ஒன்பது மணித்தியாலம் தனிய காரோட்டி வந்திருக்கிறா.

"என்ர மகன் இடக்கையாலதான் அடிக்கிறவன். அடிச்சால் பந்து இந்தப் புல்மேட்டுக்குத்தான் வரும். அங்க போயிருந்து நான் என்னத்தைப் பிடிக்கிறது?"

என்ர அருமையான எறி

மகன் துடுப்போட வந்த நேரமெல்லாம் டேவ் அவன்ர பேரைச் சொல்லிச் சொல்லி நக்கலடிச்சான். ஜூடி கிளவுஸைக் குத்திக் குத்திப் பதம் பார்த்துக்கொண்டிருந்தா. திடீரெண்டு எனக்கு முன்னால இருந்த முகமெல்லாம் வானத்தைப் பார்த்துது. தொப்பெண்டு ஏதோ புல்லில விழுந்து, உருண்டு வந்து என்ர பூட்ஸில முட்டிச்சுது. பந்து! ஜூடி கிளவுஸோட ஓடி வாறா.

கை சும்மா கிடந்திருக்கலாம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கை, கிடக்குமோ? குனிஞ்சு எடுத்தன், திரும்பினன், வேலிக்கு மேலால சிட்னி ஆட்டக்காரன்ர கைக்கே எறிஞ்சன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல எறி. புல்மேடு முழுக்க எழும்பிக் கத்திச்சுது, டேவ் மேளத்தை உடைக்கிற மாதிரி அடிச்சான். என்ர எறியைத்தான் மெச்சுகினம் எண்டு நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டன். அந்த ஆட்டக்காரன் பந்தை டேவுக்கு எறிஞ்சு, இந்தா, உனக்குப் பரிசு எண்டு கையைக் காட்டினான். ஜூடி வெறும் கிளவுஸோட நிண்டா. கண் கலங்கிப்போச்சு. பிறகு போய் முறைப்பாட்டுப் படிவம் கேட்டு வாங்கினா.

என்ர மேற்பார்வையாளர் செல்வம், மதுரைப் பெடியன், மூச்சிரைக்க ஓடி வந்தான். எதிரி அடிச்ச ஹோம் ரன் பந்தைத் திருப்பி எறியிறதுதான் ரசிகர் செய்யிற பெரிய அவமரியாதையாம். முறைப்பாடு ஒபிசுக்குப் போனால் நாளைக்கே என்னைக் கப்பல் கொள்கலன் அடுக்கிற வளவுக் கேற்றுக் காவலுக்கு மாத்திப்போடுவினமாம். அங்க பார்க்கிறதுக்கு ஒரு மனிச முகமும் இல்லை.

"அண்ணே, இது கிரிக்கெட் இல்லண்ணே. இங்க பந்து உள்ள திரும்பிப் போகாது, எடுத்தவங்க வீட்டுக்குப் போகும்!"

மேளக்காரனிட்டத் தூது

மேட்ச் முடிஞ்சு டேவ் மேளத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தான். பந்து அவன்ர சட்டைப்பைக்குள்ள துருத்திக்கொண்டு நிக்குது. கேட்டன். "மெல்பேர்ணுக்கோ? செத்தாலும் தரமாட்டன்" எண்டான். அதை அடிச்சவன்ர தாய்தான் அந்தக் கதிரைக்காரி, இது அவன்ர முதல் ஹோம் ரன் எண்டு சொன்னன்.

டேவ் மெல்லத் திரும்பி ஜூடியைப் பார்த்தான். முகம் செத்துப்போச்சு. "தாய்க்கு முன்னாலயோ அவ்வளவும் கத்தினனான்?" எண்டு முணுமுணுத்தான். பந்தை எடுத்து, சட்டையில துடைச்சு, ஒருத்தரும் பார்க்காத மாதிரி என்ர கைக்குள்ள வச்சான்.

"நீயே குடு. நான் குடுக்கிறதைக் கண்டாங்களெண்டால் இனி இந்த மேட்டில என்னை மேளம் அடிக்க விடமாட்டாங்கள்."

கிழிஞ்ச படிவம்

ஜூடி பந்தை வாங்கி, உருட்டி உருட்டிப் பார்த்து, கிளவுசுக்குள்ள வச்சு இறுக்கிப் பிடிச்சா. எனக்குச் சரியான வெக்கம். மன்னிப்புக் கேட்டன். "மேடம், நான் சிட்னிக்காக எறியேல்லை. நான் இலங்கை ஆள், இங்க பக்கத்தில பென்டில் ஹில்லில சும்மா இருக்கிறன், அது கிரிக்கெட் பழக்கம்" எண்டு நீட்டி முழக்கினன். அவ படிவத்தை எடுத்து, நாலாய்க் கிழிச்சு, என்ர கையிலயே தந்தா.

"கிழிச்சாச்சு. ஆனா எனக்குக் கதை விடாதை. அப்பிடி மனம் வச்சு எறிஞ்சவன் சிட்னிக்காரன்தான்."

பதினாலு வருசம் இங்க இருந்து, குடியுரிமைச் சோதினையும் எழுதிப் பாசான பிறகும் "உண்மையில எந்த ஊர்?" எண்டு கேட்ட சனத்துக்குள்ள, என்னைச் சிட்னிக்காரன் எண்டு ஒத்துக்கொண்ட முதல் ஆள் ஒரு மெல்பேர்ண்காரி.