தளி பஸ்ஸில் திறந்த படம்

தளி பஸ்ஸில் ஏறியதும் டெல்சி முன்பக்கம் போக மாட்டார். பின்வாசலை ஒட்டி உட்கார்ந்து, கைப்பையிலிருந்து பழைய போன் ஒன்றை எடுப்பார். திரையின் குறுக்கே ஒரு கீறல். அவரிடம் நல்ல போன் வேறு இருக்கிறது. அது பேசுவதற்கு, இது சோதனைக்கு. பஸ் மேட்டில் ஏறி, நம் பக்கத்து டவரும் கர்நாடகப் பக்கத்து டவரும் மாறி மாறிக் கைவிடும் இடம் வந்ததும் ஒரு படத்தைத் திறப்பார். தளியில் அவருக்கு உறவும் கிடையாது, வேலையும் கிடையாது. கடைசி நிறுத்தத்தில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் ஓசூர் திரும்பிவிடுவார்.

“மேடம், இன்னிக்காவது போட்டோ வந்துச்சா?” என்பார் கண்டக்டர் ராஜ்குமார்.

“பாதி வந்துச்சுங்க. மீதி உங்க மேட்டுல மாட்டிக்கிச்சு.”

ஓசூருக்கு வெளியே உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழக நூலகத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் டெல்சி. நாற்பதைத் தாண்டியவர். முன்பு சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் கணினிகளைப் பராமரித்தார். மதியச் சாப்பாட்டை நின்றபடியே முடிக்கும் பழக்கம் அங்கே வந்தது, இன்னும் போகவில்லை. “சிஸ்டம் ஸ்லோவா இருக்கு” என்று யாராவது சொன்னால், “எங்க, யாருக்கு, எப்போ?” என்று கேட்காமல் அசைய மாட்டார். “ஆபீசுக்குள்ள ஓடறதெல்லாம் ஓட்டமே இல்லீங்க” என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை.

அதே பல்கலைக்கழகத்தில் வரலாறு நடத்தும் எனக்கு அவரை அறிமுகப்படுத்தியவை நடுகற்கள். இந்த மாவட்டத்து நடுகற்களின் படத்தொகுப்பு ஒன்று எங்கள் நூலகத்தில் இருக்கிறது. மாடு மீட்கப் போய்ச் செத்தவர்கள், புலியோடு சண்டையிட்டுச் செத்தவர்கள். பல கற்கள் இன்று சாலைக்கடியிலோ மனைப்பிரிவு மதிலுக்குள்ளோ போய்விட்டன, படம்தான் மிச்சம். எழுத்து தெரிய வேண்டுமென்று ஒவ்வொன்றையும் மிகப் பெரிதாக ஸ்கேன் செய்திருந்தார்கள். அதுவே வினையாகிவிட்டது. பழைய சர்வர் முழுப்படத்தையும் ஒரேயடியாக அனுப்பப் பார்க்கும். போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பார்க்க வந்தவர் சலித்துப் போய்விடுவார்.

நூலகர் குருமூர்த்தி ஒருநாள் முடிவெடுத்துவிட்டார். “யாரும் பாக்கறதில்லம்மா. இந்த செமஸ்டரோட சர்வரை நிறுத்திடலாம். படமெல்லாம் ஹார்ட் டிஸ்க்ல போட்டு பீரோவுல பத்திரமா வச்சிடலாம்.”

“பாக்கறதில்லன்னு சொல்லாதீங்க சார், பாக்க முடியல. பீரோவுக்குள்ள போயிட்டா அப்புறம் கேக்கறதுக்கே ஆள் இருக்காது. செமஸ்டர் முடியறவரைக்கும் டைம் குடுங்க. அப்பவும் சரியாகலன்னா நானே சுவிட்சை அணைச்சிடறேன்.”

ஒவ்வொரு படத்தையும் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து வைத்தார் டெல்சி. பார்ப்பவர் எந்த மூலையை விரலால் பெரிதாக்குகிறாரோ, அந்த மூலையின் சதுரங்கள் மட்டும் போய்ச் சேரும். நூலகத்துக்குள் தொட்டவுடன் திறந்தது. குருமூர்த்தி பாராட்டுக் கூட்டம் வைக்கலாம் என்றார். டெல்சி தளி பஸ் பிடிக்கப் போனார். மேட்டில் அவருக்குக் கிடைத்தவை வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள். பாதியில் சிக்னல் அறுந்ததும் அவர் செய்த புதிய ஏற்பாடு அந்தப் படத்தையே கைவிட்டுவிட்டது. அன்று டீ கூடக் குடிக்கவில்லையாம், ராஜ்குமார் சொன்னார்.

திரும்பவும் உட்கார்ந்தார். முதலில் மங்கலாக முழுப்படமும் வந்துவிட வேண்டும். அதன்மேல் கிடைத்த சதுரங்கள் கிடைத்தபடி தெளிய வேண்டும். அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். செமஸ்டர் முடியும் தறுவாயில் மறுபடி பஸ் ஏறினார். அன்று நானும் உடன் போனேன்.

மேட்டில் பஸ் முனகியது. சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. திரையில் புகைபோல ஒரு கல் எழுந்தது. பிறகு வீரனின் கொண்டை, வில், காலடியில் மாடுகள், கடைசியில் எழுத்துகள். டெல்சி மூச்சை விட்டார். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ராஜ்குமார் சீட்டுக் கிழிப்பதையே மறந்துவிட்டார்.

“எங்க ஊர்க் கல்லு இருக்குமா மேடம்? ரோடு போடறப்போ ஜேசிபி இடிச்சு துண்டு துண்டாயிடுச்சு. நாராயணப்பன் கொல்லையில கெடக்குது. எது மேல எது கீழன்னு தெரியாம அப்படியே விட்டுட்டாங்க.”

டெல்சி அந்த ஊர்ப் பெயரைத் தட்டினார். கல் வந்தது, முழுசாக.

படத்தை அச்சடித்துத் தருகிறேன் என்று நான் சொன்னபோது டெல்சி ஒத்துக்கொள்ளவில்லை. “நாராயணப்பன் போன்லயே திறக்கட்டும் சார்” என்று படத்தின் இணைய முகவரியை மட்டும் ராஜ்குமாரிடம் கொடுத்தனுப்பினார்.

அடுத்த ஞாயிறு ராஜ்குமாரின் ஊருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கோஸ் தோட்டத்து வரப்பில் நாராயணப்பன் மண் ஒட்டிய விரலால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். “நோடு, நோடு” என்று மனைவி லட்சுமியம்மாளைப் பார்க்கச் சொல்லிக் கன்னடத்தில் கூப்பிட்டு, எங்கள் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார். “மாட்டு வாலு மேல தூக்கியிருக்குது பாருங்க. அப்ப இந்தத் துண்டு அடியில இல்ல, நடுவுல.” கடப்பாரையும் சங்கிலியும் வந்தன. டிராக்டர் உறுமியது. துண்டின்மேல் துண்டு உட்கார, வில்லோடு வீரன் நாராயணப்பன் கொல்லையில் மறுபடி எழுந்து நின்றான். லட்சுமியம்மாள் மஞ்சளைக் குழைத்துக் கல்லில் பூசினார்.

குருமூர்த்தியும் வந்திருந்தார். கல்லைச் சுற்றி வந்து பார்த்தார். “சர்வரை நிறுத்த வேணாம்மா. இன்னொன்னு கேட்டு வாங்கலாம்” என்றார். டெல்சி தலையை மட்டும்தான் ஆட்டினார், ஆனால் சிரிப்பு முகம் முழுக்க வந்துவிட்டது.

சாமந்தி மாலை போட்டுப் பாராட்ட டெல்சியை முன்னால் வரச் சொன்னார்கள். அதற்குள் ஊர்க்காரர்கள் நாராயணப்பனின் போனைச் சூழ்ந்துகொண்டு, கல்லில் தேய்ந்துபோன எழுத்துகளைப் படத்தில் தேடத் தொடங்கியிருந்தார்கள். உச்சி வெயில் திரையில் பட்டுக் கண் கூசியது. போனை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்கள். டெல்சி மாலையைக் கையில் வாங்கிக்கொண்டு அவர்களிடம் வந்து, தன் நிழல் திரையின்மேல் விழும்படி சற்று நகர்ந்து நின்றார்.